நெற்றியில் பல் முளைத்த மீன்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர் "கடலில் பேய் உண்டா?" என்று கேட்டிருந்தார். நானும் விளையாட்டாக, "பேயைப் பற்றித் தெரியாது, பேய்ச்சுறா என்று ஒரு மீன் உண்டு, அதில் ஆணுக்கு நெற்றியில் பல் முளைக்கும்" என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வழக்கமாக அரசியலுக்கும் சினிமாவுக்கும் வருகிற கடிதங்களைவிட இந்த முறை மீனுக்கு வந்தவைதான் அதிகம். சரி, இந்த இதழ் முழுக்க மீன்தான். சினிமா ரசிகர்கள் ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவை வாசகர்: நெற்றியில் பல் என்று படித்துவிட்டு என் பேத்தி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். முதலில் அது என்ன மீன், பார்க்க எப்படியிருக்கும் என்று சொல்லுங்கள்.

சிரிக்கட்டும், சிரிக்க வேண்டிய விஷயம்தான். நெற்றிப் பல்லுக்குப் பின்னால் வருகிறேன், முதலில் ஆளைப் பார்த்துவிடலாம்.

இந்தக் கூட்டத்துக்குக் கிமேரா என்று பெயர். ஆங்கிலத்தில் கோஸ்ட் ஷார்க் என்றும் சொல்வதால் நான் பேய்ச்சுறா என்று எழுதினேன். 50 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. சுறா, திருக்கை மாதிரியே உடம்பில் எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. உங்கள் காது மடலை மடக்கிப் பாருங்கள், வளைந்து கொடுக்கிறதே, அந்த வகைச் சரக்கு.

ஐரோப்பியக் கடலில் இருக்கிற கிமேரா மான்ஸ்ட்ரோசாவை எடுத்துக்கொள்வோம். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1758-இல் பெயர் வைத்த மீன் அது. உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, மழுங்கிய மூக்கு, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட மாதிரி இரண்டு கண்கள். பூனையின் கண்ணில் டார்ச் அடித்தால் பளபளக்குமே, அதே ஏற்பாடு இதன் கண்ணுக்குள்ளும் இருப்பதால் வெளிச்சம் பட்டால் பச்சையாக மின்னும். தலைக்குப் பின்னால் உடம்பு சிறுத்துக்கொண்டே போய் சாட்டை நுனி மாதிரி முடிகிறது. ஒன்றரை மீட்டர் வரை நீளும் என்று புத்தகத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், அதில் பெரும்பங்கு வால். எடை என்று பார்த்தால் இரண்டரை கிலோ அளவில்தான் நிற்கும். செதில் கிடையாது. தோல் உரித்த நுங்கு மாதிரி வழவழவென்று இருக்கும்.

அப்புறம் அந்தக் கோடுகள். முகத்திலும் விலாவிலும், ஆஸ்பத்திரியில் தையல் போட்டுப் பிரித்த தழும்பு மாதிரி வரிவரியாக ஓடும். தண்ணீர் எந்தப் பக்கம் எப்படி அசைகிறது என்று உணர்கிற வாய்க்கால்கள் அவை. மற்ற மீன்களுக்கும் இந்த வசதி உண்டு, இதற்கு மட்டும் மூடி போடாத சாக்கடை மாதிரி திறந்தே கிடக்கிறது. மூக்கைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் துளைகள் வேறு. சேற்றுக்குள் ஒளிந்திருக்கும் நண்டின் உடம்பிலிருந்து கசிகிற மின்சாரத்தைக்கூட அவற்றால் மோப்பம் பிடிக்கும். சுறாவுக்கும் இதே துளைகள் உண்டு, 1678-லேயே லோரென்சினி என்ற இத்தாலியர் அவற்றை விவரித்து எழுதிவிட்டார். எதற்கு அந்தத் துளை என்பது புரிய இன்னும் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

வீடு என்று கேட்டால், கரையை ஒட்டிய ஆழமில்லாத தரை முடிந்து கடலடி சரியத் தொடங்குகிறதே, அந்தச் சரிவு. மான்ஸ்ட்ரோசா பெரும்பாலும் 300 முதல் 500 மீட்டர் ஆழத்தில், சேற்றுத் தரையை ஒட்டி நீந்துகிறது. சுறா வாலை ஆட்டி நீந்தும். இது அப்படியில்லை, பக்கத் துடுப்பு இரண்டையும் இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல், தரைக்கு ஒரு முழம் மேலே பறக்கிறது. கலிபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் அப்பால் 2009-இல் ஆளில்லா நீர்மூழ்கி ஒன்றின் கேமராவில் நீல நிறக் கூர்மூக்குக் கிமேரா ஒன்று மாட்டியது, சுமார் 2,000 மீட்டர் ஆழத்தில். மான்டரே வளைகுடா ஆராய்ச்சி நிலையம் அதை வெளியிட்டு, 2016 டிசம்பரில் உலகமே பார்த்தது. அந்த வகை தெற்குப் பசிபிக்கில் மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தார்கள். இது அதேதானா என்று கேட்டால், நிபுணர்கள் இன்றைக்கும் "அப்படித்தான் தெரிகிறது" என்கிறார்கள், ஏனென்றால் கையில் எடுத்து அளந்து பார்க்காமல் உறுதி சொல்ல முடியாத மீன் இது.

தூத்துக்குடி வாசகர்: மீன் ஏலக்கூடத்தில் முப்பது வருஷம் நின்றவன் நான். கொம்பன், பால்சுறா, உழுவை என்று எல்லாம் பார்த்தாயிற்று. பேய்ச்சுறா என்று ஒன்று கிடையவே கிடையாது. கதை விடாதீர்கள் ஐயா.

ஏலக்கூடத்துக்காரரிடம் மீன் கதை விட எனக்குத் தைரியம் கிடையாது. உங்கள் கோபம் நியாயமானது, ஏனென்றால் அது சுறாவே இல்லை. சுறாவும் திருக்கையும் அண்ணன் தம்பி என்றால் இது ஒன்றுவிட்ட பங்காளி. சுமார் 40 கோடி ஆண்டுக்கு முன்னால் சொத்து பிரித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போன கிளை. அப்போது டைனோசர் வருவதற்கே இன்னும் 16, 17 கோடி ஆண்டு பாக்கி.

கையில் கொடுத்தால் நீங்களே பத்து எண்ணுவதற்குள் கண்டுபிடித்துவிடுவீர்கள். சுறாவின் கழுத்தில் அறுத்து விட்ட மாதிரி ஐந்து செவுள் கீறல் இருக்கும், சிலவற்றுக்கு ஆறு, ஏழு. இதற்கு ஒரே திறப்பு, அதன்மேல் சதையால் ஆன மூடி. சுறாத்தோலைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி கையைப் பிறாண்டும், இது வழுக்கும். சுறாவுக்குப் பல் விழ விழப் புதுப்பல் வரிசை வரிசையாக முளைத்துக்கொண்டே இருக்கும். இதற்கோ மேலே நாலு, கீழே இரண்டு என்று ஆறே பலகைகள், ஆயுள் முழுக்க அவைதான். தேயத் தேய வளர்ந்துகொள்ளும். நண்டு, சிப்பி, கடல் முள்ளெலி எல்லாவற்றையும் அம்மிக்கல்லில் வைத்த மாதிரி நொறுக்கித் தின்ன அது போதும்.

எனக்குப் பிடித்த வித்தியாசம் தாடை. சுறாவின் மேல்தாடை மண்டையோட்டில் ஒட்டியிருக்காது, தொங்கிக்கொண்டிருக்கும். கடிக்கும்போது முன்னால் தள்ளி வரும். கிமேராவின் மேல்தாடை மண்டையோட்டோடு ஒரே துண்டாகச் சேர்ந்துவிட்டது. இப்போது உங்கள் மேல்தாடையை மட்டும் அசைத்துப் பாருங்கள். வராது. அந்த ஒரு விஷயத்தில் நீங்களும் நானும் கிமேரா கட்சி. ஆனால் மனிதனும் கிமேராவும் தனித்தனியாக வந்து சேர்ந்த கட்சி அது.

சென்னை வாசகி: இதை முயல் மீன் என்றும் சொல்வார்கள் என்று எங்கோ படித்தேன். ராபிட் ஃபிஷ் என்று தேடினால் நம்ம ஓரா மீன் படம் வருகிறதே?

வரும். ஓராவுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான், இரண்டுக்கும் சொந்தம் பந்தம் எதுவும் கிடையாது. ஓரா எலும்புள்ள மீன், பாசி தின்பது, கரையோரம் இருப்பது. இந்தப் பெயர்க் குழப்பத்தைப் பற்றி ஒரு தனிப் பத்தி எழுதலாம், எழுதவே செய்கிறேன்.

முன்னால் துருத்திய பல் பலகையைப் பார்த்து இங்கிலாந்துக்காரன் முயல் என்றான். வாலைப் பார்த்து அமெரிக்கன் எலி என்றான், ஜெர்மன்காரனும் நார்வேக்காரனும்கூட அவரவர் மொழியில் கடல் எலி என்றுதான் சொல்கிறார்கள். கிமேராவில் ஒரு பெரிய பிரிவுக்கு அறிவியல் பெயரே ஹைட்ரோலாகஸ், கிரேக்கத்தில் தண்ணீர் முயல். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கம் இருக்கிற இனத்துக்கு மூக்கு தும்பிக்கை மாதிரி தொங்குவதால் யானை மீன். உயிரோடு யாரும் சரியாகப் பார்க்காத மீன், வலையில் செத்து வந்ததைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு மிருகத்தை ஒட்டவைத்தார்கள். லின்னேயஸ் அத்தனையையும் ஒரே பெயரில் முடித்துவிட்டார்: முன்பக்கம் சிங்கம், நடுவில் ஆடு, பின்னால் பாம்பு என்று கிரேக்கக் கதையில் நெருப்புக் கக்கிக்கொண்டு வருகிற விலங்கின் பெயர்தான் கிமேரா. மனிதர் மதுரைப் பக்கம் பிறந்திருந்தால் கோவில் தூணைப் பார்த்து யாளி மீன் என்று வைத்திருப்பார். எனக்கென்னவோ யாளிதான் பொருத்தமாகப் படுகிறது.

மதுரை, பிளஸ் டூ மாணவர்: அவ்வளவு ஆழத்தில் தண்ணீர் அழுத்தம் பயங்கரமாக இருக்குமே. எலும்பே இல்லாத மீன் எப்படி நசுங்காமல் இருக்கிறது?

நல்ல கேள்வி தம்பி. 1,000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இங்கே இருப்பதைப்போல சுமார் நூறு மடங்கு. ஆனால் நசுங்குவது காற்று இருக்கிற பொருள்தான். மூடிய காலி வாட்டர் பாட்டிலை ஆழத்துக்கு இறக்கினால் அப்பளமாகிவிடும், தண்ணீர் நிரம்பிய பாட்டில் அப்படியே இருக்கும். பல மீன்களுக்கு வயிற்றில் காற்றுப்பை உண்டு. கிமேராவுக்கும் சுறாவுக்கும் அது கிடையாது. அதற்குப் பதில் எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல், எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பதால் மிதக்க உதவுகிறது. ஆக எலும்பு இல்லாதது இங்கே ஒரு பிரச்சினையே இல்லை.

உண்மையான பிரச்சினை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அழுத்தம் ஏற ஏற உடம்பிலுள்ள புரதங்களின் மடிப்பு குலையும். மடிப்பு குலைந்தால் வேலை நின்றுபோகும். அதைத் தாங்கிப் பிடிக்க இந்த மீன்கள் சதையில் டி.எம்.ஏ.ஓ. என்ற ஒரு பொருளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. கூடவே யூரியாவும் நிறைய இருக்கும், கடல் உப்பு உடம்பிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

இது உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே தெரிந்த சங்கதிதான். சுறா வாங்கி ஒரு நாள் தாமதித்தால் கழிவறை வாடை ஒன்று அடிக்குமே, நம் ஆட்கள் மஞ்சள் போட்டு வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, உதிர்த்துப் பிழிந்துதானே புட்டுக்கு வதக்குவார்கள்? அந்த யூரியாவைப் பாக்டீரியா உடைத்து அம்மோனியா ஆக்குவதால் வருகிற வாடை அது. சாதாரண மீன் நாற்றம் என்கிறோமே, அது டி.எம்.ஏ.ஓ. சிதைந்து வருவது. சுறாப்புட்டு வதக்குகிற அம்மாவிடம் கேட்டால் இந்தப் பாடத்தில் பாதியை அவரே நடத்திவிடுவார்.

இதற்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதுதான் சுவாரசியம். ஆழம் கூடக் கூட டி.எம்.ஏ.ஓ.வைக் கூட்ட வேண்டும், அதற்கு இடம் விட்டு யூரியாவைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்துக்குமேல் குறைக்க யூரியா மிச்சமிருக்காது. வேறு சிலர், அவ்வளவு எண்ணெய் ஈரலைப் பராமரிக்கிற அளவுக்குச் சாப்பாடு அந்த ஆழத்தில் கிடைக்காது என்கிறார்கள். எது காரணமோ, குருத்தெலும்பு மீன்கள் சுமார் 3,000 மீட்டருக்குக் கீழே அபூர்வம். கடலின் சராசரி ஆழமே 3,700 மீட்டர் அளவு, அதனால் கடலில் பெரும்பகுதி இவர்களுக்கு நுழைய முடியாத ஊர். ஆனால் எலும்புள்ள சின்ன நத்தைமீன் ஒன்றை 2022-இல் ஜப்பானுக்குத் தெற்கே 8,336 மீட்டரில் படம் பிடித்தார்கள்! எலும்பு இருப்பவன்தான் கடைசியில் கீழே போனான், ஆனால் எலும்பினால் அல்ல.

திருநெல்வேலி வாசகி: சுற்றி வளைக்காமல் அந்த நெற்றிப் பல் விஷயத்துக்கு வாருங்கள்.

வந்துவிட்டேன்.

ஆண் கிமேராவின் இரண்டு கண்களுக்கு நடுவே, கொஞ்சம் மேலே, ஒரு சின்னக் குழி. அதற்குள் மடங்கிப் படுத்திருக்கிறது ஒரு தடி. சும்மா இருக்கும்போது வெள்ளையாக ஒரு மொக்கு மாதிரி தெரியும். தூக்கி நிறுத்தினால் நுனி முன்பக்கம் வளைந்த ஒரு கொக்கி, நுனியின் அடிப்பக்கம் முழுக்க வரிசை வரிசையாகக் கூரான முட்கள். கடலடியில் கைகால் இல்லாத இரண்டு மீன்கள் கூட வேண்டும், இரண்டும் வழுக்குகிற தோல்காரர்கள், தண்ணீரோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆண், பெண்ணின் பக்கத் துடுப்பை இந்தக் கொக்கியால் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. இது போதாதென்று வயிற்றுப் பக்கம் இன்னொரு ஜோடிக் கொக்கி, அதுவும் உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடியது. அதற்கும் பின்னால்தான் விந்தைச் செலுத்துகிற உறுப்பு.

அந்த முட்கள் என்ன என்பதில்தான் வழக்கு. சுறாத்தோலில் இருக்கிற முள்செதில் ஏதாவது மிச்சம் மீதியாக நெற்றியில் தங்கிவிட்டதோ என்று நினைக்க இடமிருந்தது. 2025 செப்டம்பரில் அமெரிக்க ஆய்வாளர்கள் கார்லி கோஹென், மைக்கேல் கோட்ஸ், கேரத் ஃப்ரேஸர் மூவரும் வேறு பதிலோடு வந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் புள்ளிக் கிமேரா ஏராளம், அங்கே அதுதான் மிகச் சாதாரண மீன்களில் ஒன்று. குஞ்சிலிருந்து முழு வளர்ச்சி வரை பல அளவில் பிடித்து, உள்ளே ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். முட்கள் முளைப்பது பல் மடலிலிருந்து. பல் மடல் என்பது நம் ஈறுக்குள் பல் உருவாகிற அதே திசு, அதை வாய்க்கு வெளியே இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆக அவை செதில் அல்ல, அசல் பல். ஏழெட்டு வரிசை, சுறாவின் வாயில் வருகிற மாதிரியே ஒன்றன்பின் ஒன்றாக. வாயில் உள்ள பல் பலகையில் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்ட மீன், நெற்றியில் மட்டும் விடாமல் வைத்திருக்கிறது. பெண் மீனுக்கும் சின்ன வயதில் இந்த உறுப்பு தொடங்கப் பார்க்கிறது, அப்புறம் நின்றுவிடுகிறது.

கோவைப் பேத்தி இப்போது சிரிக்கலாம்.

கும்பகோணம் வாசகர்: முட்டையா, குட்டியா?

முட்டை. கதிர் மாதிரி இரண்டு பக்கமும் கூம்பிய தோல்பை, ஒரு தடவைக்கு இரண்டு. புள்ளிக் கிமேரா அதை வெளியே தள்ளவே 18 முதல் 30 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. தள்ளிய பிறகும் உடனே விட்டுவிடாது. நூல் மாதிரி ஓர் இழையில் முட்டை இரண்டும் தாயின் உடம்பிலிருந்து தொங்கிக்கொண்டே நாலைந்து நாள் கூட வரும். அப்புறம் சேற்றில் விழுந்து, யாரும் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், ஏறத்தாழ ஒரு வருஷம் கிடந்து பொரிக்கும். யானை மீனின் முட்டைப்பை ஒரு சாணுக்கு மேல் இருக்கும், சுற்றிலும் பாவாடை ஓரம் மாதிரி மடிப்பு. காலியான பைகள் அங்கே கடற்கரையில் ஒதுங்குவது உண்டு, முதல் தடவை பார்க்கிறவர்கள் ஏதோ காய்ந்த பாசி என்று மிதித்துவிட்டுப் போவார்கள்.

சேலம் வாசகர்: விஷம் உண்டா?

முதுகில் முதல் துடுப்புக்கு முன்னால் ஒரு முள், அதில் உண்டு. மனிதனுக்குச் சாகிற அளவுக்கு இல்லை, நன்றாக வலிக்கும். முழுசாக விழுங்கிய கடல்நாய்கள் அந்த முள் குடலிலும் தொண்டையிலும் குத்திச் செத்திருக்கின்றன. விஷத்தைவிட முள்தான் கொலைகாரன்.

சிங்கப்பூர் வாசகி: எங்கள் ஊரில் ஒரு மீனின் மரபணுவைப் படித்ததாகச் சொல்வார்கள். அது இதுதானா?

இதே கூட்டம்தான், மேலே சொன்ன யானை மீன். சிங்கப்பூரின் மூலக்கூறு மற்றும் செல் உயிரியல் நிலையத்தில் பைரப்பா வெங்கடேஷ் தலைமையில் செய்த வேலை, 2014 ஜனவரியில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. ஏன் இந்த மீன் என்றால், அதன் மரபணுத் தொகுதி சின்னது, சுமார் 100 கோடி எழுத்து. நமக்கு 300 கோடி. படிக்கிற செலவு குறைவு என்று தேர்ந்தெடுத்தார்கள், கிடைத்ததோ பெரிய புதையல். அதுவரை படித்த முதுகெலும்பு விலங்குகளிலேயே மிக மெதுவாக மாறியிருக்கிற மரபணுத் தொகுதி இதுதான் என்று தெரிந்தது, பழைமைக்குப் பேர்போன சீலகாந்த் மீனைவிட மெதுவாக. எலும்பு ஏன் இல்லை என்பதற்கும் ஒரு பிடி கிடைத்தது. நம் உடம்பில் எலும்பில் சுண்ணாம்புச் சத்து படிய உதவுகிற ஒரு ஜீன் குடும்பம் இதில் இல்லவே இல்லை. அதில் ஒரு ஜீனை, ஆய்வகங்களில் வளர்க்கிற வரிக்குதிரை மீன் என்ற எலும்புள்ள சின்ன மீனில் முடக்கிப் பார்த்தார்கள், அதற்கும் எலும்பு சரியாக உருவாகவில்லை.

இன்னொன்றும் இந்தக் கூட்டத்துக்கு இல்லை: இரைப்பை. வாய், தொண்டை, நேரே குடல். இரைப்பையில் அமிலம் சுரக்க வேண்டிய ஜீன்களும் காணோம். அல்சர் என்று மருந்துக்கடைக்கு அலைகிற நமக்குக் கேட்கவே பொறாமையாக இருக்கிறது.

விழுப்புரம் வாசகர்: வாயில் வட்ட ரம்பம் வைத்திருந்த சுறா ஒன்று பழைய காலத்தில் இருந்ததாமே?

ஹெலிகோப்ரியான். 1899-இல் ரஷ்ய நிலவியலாளர் கார்பின்ஸ்கி பெயர் வைத்தார். கை முறுக்கு மாதிரி சுருண்ட பல் வரிசை மட்டும்தான் கிடைத்தது, மீதி உடம்பு குருத்தெலும்பு என்பதால் மக்கிப் போயிருந்தது. அந்த முறுக்கை எங்கே பொருத்துவது என்று நூறு வருஷம் சண்டை. மூக்கு நுனியில் வைத்து வரைந்தார்கள், முதுகில் வைத்தார்கள், வாலில்கூட வைத்தார்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் முன்பே கிடைத்திருந்த ஒரு கல்லை ஸ்கேன் செய்த ஆய்வு 2013-இல் வெளியான பிறகுதான் அது கீழ்த்தாடைக்குள் நடுவே நின்றது என்றும், ஆள் சுறா அல்ல, நம் கிமேராவின் சொந்தக்காரன் என்றும் முடிவானது. வாயில் முறுக்கு, நெற்றியில் பல் என்று இந்தக் குடும்பத்துக்குப் பல் விஷயத்தில் என்றைக்குமே ஒரு கிறுக்கு இருந்திருக்கிறது.

நாகர்கோவில் வாசகர்: நம்ம கடலில் உண்டா? தூத்தூர்க்காரர்களுக்குத் தெரியாத ஆழ்கடலா?

தூத்தூர்க்காரர்கள் கொச்சியிலிருந்து தூண்டில் போட்டுக்கொண்டு லட்சத்தீவைத் தாண்டிப் போய்ச் சுறா பிடிக்கிறவர்கள், ஆழ்கடலைப் பற்றி அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. கேரளத்துக்கு அப்பால் அரபிக்கடலின் சரிவில் நியோஹாரியோட்டா என்ற நீள்மூக்குக் கிமேரா இருக்கிறது, ஆழ்கடல் இறாலுக்குப் போகிற இழுவை மடியில் சிக்கிக் கரைக்கு வந்திருக்கிறது. நம் தூத்துக்குடி ஐயா முப்பது வருஷத்தில் பார்க்காததற்குக் காரணம் இடம்தான். மன்னார் வளைகுடாவில் கரையோரம் மீன்பிடிக்கிற படகின் வலை அந்த ஆழத்துக்கு இறங்குவதில்லை.

எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. ஈரல் எண்ணெய்க்காக ஆழ்கடல் சுறாக்களைத் தேடிப் பிடிப்பது அந்தமானிலும் கேரளத்திலும் நடந்திருக்கிறது. மெதுவாக வளர்கிற, ஒரு தடவைக்கு இரண்டே முட்டை போடுகிற ஜீவன், நெத்திலி மாதிரி வருஷா வருஷம் திரும்பி வராது. வலையில் தானாகச் சிக்குவதை என்ன செய்வது என்பது வேறு பேச்சு, தேடிப் போய்ப் பிடிப்பது வேறு.

திருச்சி வாசகி: இனிமேல் புதிதாகக் கண்டுபிடிக்க ஏதாவது பாக்கி இருக்கிறதா, இல்லை எல்லாம் முடிந்துவிட்டதா?

2024-இல் ஒன்று வந்தது. நியூசிலாந்துக்குக் கிழக்கே சாத்தம் மேடு என்ற கடலடிப் பகுதி, சுமார் 2,600 மீட்டர் ஆழம். சாக்லேட் நிறம், பால் படிந்த மாதிரிக் கண், நீளமான ஒடுங்கிய மூக்கு. உலகம் முழுக்கப் பரவியிருக்கிற பழைய இனம்தான் இது என்று அதுவரை சேர்த்து வைத்திருந்தார்கள். பிரிட் ஃபினூச்சி என்ற ஆய்வாளர் உடம்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தனி இனம் என்று பிரித்து, ஹாரியோட்டா ஏவியா என்று பெயரிட்டார். ஹாரியோட்டா என்பது தாமஸ் ஹாரியட் என்ற பழைய ஆங்கிலேய அறிஞரின் பெயரிலிருந்து வந்தது. ஏவியா என்றால் லத்தீனில் பாட்டி. தன் பாட்டியை நினைத்து வைத்தாராம், கிமேராவும் மீன்களுக்கெல்லாம் பாட்டி முறை என்பதால் பொருத்தம் என்று அவரே விளக்கம் சொன்னார்.

ராமநாதபுரம் வாசகர்: எல்லாம் சரி, குழம்பு வைக்கலாமா?

இந்தக் கேள்வி வராமல் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். நியூசிலாந்தில் தோலுரித்த துண்டாகவே கடையில் கிடைக்கும், யானை மீனை மாவில் தோய்த்துப் பொரித்து உருளைக்கிழங்கோடு தின்கிறார்கள். வெள்ளைச் சதை, நடுவில் முள் பொறுக்குகிற வேலை இல்லை. நம் வழியில் செய்வதென்றால் சுறாவுக்குச் செய்கிற அதே பக்குவம்: வாங்கிய அன்றைக்கே, மஞ்சள் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரை இரக்கமில்லாமல் கொட்டிவிட்டு. முதுகு முள்ளை மட்டும் முதலில் வெட்டிவிடுங்கள்.